பெயரைச் சட்டப்படி மாற்றுவது எப்படி? தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் பெயர் மாற்றம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கெஜட்டில், அதாவது அரசு அறிவிப்புகள் வெளியாகும் அரசிதழில், பெயர் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. புதிய பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் உங்கள் எல்லா ஆவணங்களிலும் வந்து சேரும்வரை மாற்றம் முழுமையாகாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

ஆதாரில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது. இதற்குக் கெஜட் போட வேண்டுமா?

வேண்டாம். பிழை திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பான் எல்லாவற்றிலும் பெயர் சரியாக இருந்து, ஒரே ஒரு அட்டையில் மட்டும் தப்பாக ஏறியிருந்தால், அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். ஆதாருக்கு ஆதார் சேவை மையம், பான் அட்டைக்குத் திருத்த விண்ணப்பம், வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8, ரேஷன் கார்டுக்கு உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளம் அல்லது வட்ட வழங்கல் அலுவலகம். சரியான பெயர் உள்ள வேறொரு ஆவணத்தைக் காட்டினால் மாற்றித் தருவார்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்துப் பிழைக்கே கெஜட் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் நிறைய. 'இதுவரை இந்தப் பெயரில் இருந்த நான் இனிமேல் அந்தப் பெயரில் அழைக்கப்படுவேன்' என்று நீங்கள் அறிவிக்கும்போது, அந்தத் தப்பான பெயரைத்தான் இதுநாள்வரை உங்கள் பெயராக வைத்திருந்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக ஆகிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழில் முதலிலிருந்தே சரியான பெயர் இருந்தால், இந்த அறிவிப்பு குழப்பத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. ஒரு சான்றிதழில் இன்ஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால்; ஒன்றில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் வெறும் எழுத்து. இப்படி இருக்கும்போது, 'இந்த இரண்டு பெயர்களும் என் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தைப் பல வங்கிகளும் நிறுவனங்களும் ஏற்றுக்கொள்கின்றன. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கெஜட் எப்போது தேவை?

சரியாகப் பதிவாகி இருக்கும் பெயரை நீங்களே விட்டுவிட்டு வேறு பெயருக்குப் போகும்போது. பெயரையே மாற்றுவது, பின்னால் ஒரு பெயரைச் சேர்ப்பது, சாதிப் பட்டத்தை நீக்குவது, மதம் மாறிய பின் புதுப் பெயர் வைப்பது, ஆங்கில எழுத்துக்கூட்டலை வேண்டுமென்றே மாற்றுவது, இன்ஷியலை மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும்.

பெயரை மாற்றுவது என் உரிமையா? யாராவது அனுமதி தர வேண்டுமா?

வயதுவந்தவர் தன் பெயரை மாற்றுவதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கும் முறையும் இங்கே பொதுவான நடைமுறை இல்லை. நீங்கள் அறிவிக்கிறீர்கள், அரசிதழ் அதை வெளியிடுகிறது, அதைக் காட்டி ஆவணங்களை மாற்றுகிறீர்கள்.

உரிமை என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியச் சான்றிதழில் பெயரைத் திருத்த மறுத்தது தொடர்பாக வந்த ஜிக்யா யாதவ் வழக்கில், 2021 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. ஒருவரின் பெயர் அவருடைய அடையாளத்தின் பகுதி, அதன்மீது அவருக்கு இருக்கும் கட்டுப்பாடு அரசியலமைப்பின் 19, 21 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்குள் வருகிறது என்று நீதிமன்றம் சொன்னது. அதேசமயம், கட்டுப்பாடே இல்லாத உரிமை என்றும் சொல்லவில்லை. ஆவணங்களைத் தரும் அமைப்புகள் நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம்.

ஓர் அலுவலர் 'ஏன் மாற்றினீர்கள்?' என்று எரிச்சலோடு கேட்டால் தயங்க வேண்டியதில்லை. காரணத்தைப் படிவத்தில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காரணத்துக்காக நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.

கெஜட்டில் என்னதான் அச்சாகும்?

தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைதோறும் வெளிவரும். அதன் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் தனியாரின் அறிவிப்புகள் இருக்கும். பெயர் மாற்றங்கள் அங்கே வரிசையாக, பத்தி பத்தியாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: 'நான், (பழைய பெயர்), திரு. (தந்தை பெயர்) அவர்களின் மகள், இந்தத் தேதியில் பிறந்தவர் (சொந்த மாவட்டம்: மதுரை), இந்த முகவரியில் வசிப்பவர், இனிமேல் (புதிய பெயர்) என அழைக்கப்படுவேன்.' கீழே ஒரு பக்கம் விண்ணப்பதாரர் எந்தப் பெயரில் கையெழுத்திட்டாரோ அந்தப் பெயர், இன்னொரு பக்கம் ஊரும் தேதியும். அவ்வளவுதான்.

அந்தப் பகுதியின் தலைப்பிலேயே ஒரு முக்கியமான குறிப்பு உண்டு. பெயர் மாற்ற அறிவிப்புகளை வெளியிடுவதால் எந்தச் சட்டப் பொறுப்பையும் அரசு ஏற்காது, விளைவுகளுக்கும் தவறான தகவல்களுக்கும் அறிவிப்பவரே முழுப் பொறுப்பு என்று எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை இயக்குநர் பெயரில் அது அச்சாகிறது. இதைப் படித்துவிட்டுச் சிலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னதை அரசு வெளியிட்டது, அதற்குமேல் அது உங்கள் பொறுப்பு, இதுதான் அதன் அர்த்தம். பொய்யான பிறந்த தேதியோ, இல்லாத உறவோ எழுதினால் 'கெஜட்டிலேயே வந்துவிட்டதே' என்று தப்பிக்க முடியாது.

எங்கே விண்ணப்பிப்பது? என்னென்ன வைக்க வேண்டும்?

அரசிதழை வெளியிடுவது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. தலைமை அலுவலகம் சென்னை அண்ணா சாலை, 110ஆம் எண். விண்ணப்பப் படிவமும், வழிமுறைகளும், நடப்புக் கட்டணமும் அந்தத் துறையின் இணையதளத்தில் இருக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், பழைய வீடியோவில் பார்த்த தொகையை நம்பாமல் விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்துடன் புகைப்படம், பிறந்த தேதிக்கான சான்று, முகவரிச் சான்று, பழைய பெயர் உள்ள ஆவணம் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்களை வைக்க வேண்டும். பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ இருந்தால் நல்லது. மாற்றத்தின் காரணத்தைப் பொறுத்துக் கூடுதல் சான்று கேட்பார்கள்: விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல், தத்து என்றால் தத்துப் பத்திரம், மதமாற்றம் என்றால் அதற்கான சான்றிதழ்.

படிவத்தை நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். பழைய பெயர் என்ற இடத்தில், உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே எது உங்கள் 'பழைய பெயர்' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் இரண்டையும் 'என்கிற' போட்டு அறிவிப்பிலேயே கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். பிற்பாடு வங்கியில் யாராவது 'இந்தக் கெஜட்டில் இருக்கும் பழைய பெயர் எங்கள் கணக்கில் இருக்கும் பெயர் இல்லையே' என்று சொன்னால், அத்தனை வேலையும் வீணாகிவிடும்.

அறிவிப்பு வெளியானதும் முதலில் செய்ய வேண்டியது அதை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது. அச்சுப் பிழை இருந்தால் அன்றே எழுத்துமூலம் தெரிவித்துத் திருத்தம் கேளுங்கள். பிழையுள்ள கெஜட்டை வைத்து இரண்டு அட்டைகளை மாற்றிவிட்டு அப்புறம் திருத்தம் கேட்டால் சிக்கல் இரட்டிப்பாகும்.

மத்திய அரசின் கெஜட்டில் போட வேண்டுமா, மாநில கெஜட் போதுமா?

பெரும்பாலானோருக்கு மாநில அரசிதழே போதும். மத்திய அரசிதழை வெளியிடுவது டெல்லியில் உள்ள வெளியீட்டுத் துறை. பெயர் மாற்றங்கள் அதன் நான்காம் பகுதியில் வரும். அதற்கு உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம் என்று தனி நடைமுறை உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் அந்த வழியில் போக வேண்டியிருக்கும். உங்களிடம் கெஜட் கேட்கும் அலுவலகத்திலேயே எது வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

புதிய பெயரை எப்படி எழுதுவது? இன்ஷியல் போடலாமா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அந்தப் பட்டங்களை விடுவது என்று தீர்மானித்தார்கள். அடுத்து வந்த தலைமுறைகளில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் பட்டத்தை உதறிவிட்டன. பெருமைப்பட வேண்டிய விஷயம். அதன்பிறகு நம் பெயர் என்பது ஓர் இன்ஷியலும் ஒரு பெயரும் என்று நிலைத்தது. ஆனால் பாஸ்போர்ட்டும் பானும் விசாவும் 'முதற்பெயர், குடும்பப் பெயர்' என்ற இரண்டு கட்டங்களை நீட்டுகின்றன. நம் குழப்பத்தில் பாதி அந்தக் கட்டங்களில்தான் பிறக்கிறது.

ஓர் உதாரணம். சான்றிதழில் 'எஸ். கவிதா' என்று இருக்கிறது. ஆதார் மையத்தில் 'கவிதா எஸ்' என்று ஏற்றினார்கள். பான் விண்ணப்பத்தில் இன்ஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும், அதனால் அங்கே 'கவிதா செல்வம்' ஆனது. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் கணவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஒரே ஆள், நான்கு பெயர். ஆதாரும் பானும் இணைக்கும்போது பெயர் ஒத்துவரவில்லை என்று திரும்புகிறது. வருங்கால வைப்பு நிதிப் பணம் எடுக்கப் போனால் அங்கேயும் அதே பதில்.

பெயரை மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்தச் சிக்கலையும் சேர்த்துத் தீர்க்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. என் யோசனை: புதிய பெயரில் இன்ஷியலே வேண்டாம். தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ முழுதாக விரித்து, 'கவிதா செல்வம்' என்ற மாதிரி, அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் முதற்பெயர் கவிதா, குடும்பப் பெயர் செல்வம். பானிலும் அப்படியே. எந்தக் கட்டம் வந்தாலும் நிரப்பிவிடலாம். அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும். அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று வீட்டில் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வரும். வரட்டும், சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

ஒற்றைப் பெயராகவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்கும் தடையில்லை. ஆனால் பயணத்தில் தொல்லை வரலாம் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவு கிடையாது என்று அறிவித்தது. பிறகு, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். அது அங்கே போனபின் ஓட்டுநர் உரிமம்வரை பின்னாலேயே வரும்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெயரைத் தமிழில் எழுதினால் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. செல்வத்தின் மகள் 'எஸ். கவிதா' இல்லை, 'செ. கவிதா'. தமிழ் ஆவணத்தில் செ, ஆங்கில ஆவணத்தில் எஸ் என்று இருப்பது முரண்பாடு ஆகாது.

எழுத்துக்கூட்டலை முடிவு செய்ததும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மையத்திலும் தட்டச்சு செய்பவரிடம் வாயால் சொல்லாமல் அதைக் காட்டுங்கள். திரையில் ஏறியதும் நீங்களே படித்துப் பார்த்த பிறகுதான் சமர்ப்பிக்க விட வேண்டும்.

எண்கணிதப்படி ஓர் எழுத்து சேர்க்கச் சொன்னார்கள். அதற்கும் இதே நடைமுறையா?

ஆமாம். தமிழில் பெயர் மாறாமல் ஆங்கிலத்தில் மட்டும் ஓர் எழுத்து கூடினாலும், கணினிக்கு அது வேறு பெயர்தான். ஆவணங்கள் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும் என்றால் கெஜட் தேவை.

நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் ஓர் எழுத்துக்காக ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட், சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை யோசித்துவிட்டு இறங்குங்கள். விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் வீட்டு வாசலிலும் அந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்த எந்த அறிவிப்பும் வேண்டாம். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கல்யாணம் ஆனால் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா?

இல்லை. மனைவி கணவரின் பெயரையோ இன்ஷியலையோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறந்தபோது வைத்த பெயரிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கலாம். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரைச் சேர்ப்பது வேறு, உங்கள் பெயரையே மாற்றுவது வேறு. முன்னதுக்குப் பின்னது தேவையில்லை.

மாற்ற விருப்பம் இருந்தால், திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்டிப் பல இடங்களில் மாற்றிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு, பட்டப் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் பழைய பெயரில்தான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும் எண்ணம் உள்ள பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் யாராவது சொன்னார்கள் என்பதற்காக மாற்றாதீர்கள். உங்களுக்கே வேண்டும் என்று தோன்றினால் மாற்றுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லை. என்ன செய்வது?

இதற்குக் கெஜட் வேண்டாம். இது பெயர் மாற்றம் ஆகாது, பெயர் பதிவு. பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குமேல் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது கிராமத்தின் பதிவாளரிடம் போக வேண்டும்.

2023 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஆகவே இப்போது பிறக்கும் குழந்தைக்குப் பெயரை அவசரமாகச் சொல்லிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். எழுத்துக்கூட்டலை வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை மாற்ற முடியுமா?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவேட்டில் பிழையான பதிவைத் திருத்த வழி தருகிறது. அந்தத் திருத்தமும் மூலப் பதிவை அழிக்காது. ஓரத்தில் குறிப்பெழுதி, பதிவாளர் தேதியுடன் கையெழுத்திடுவார். மனம் மாறி வேறு பெயர் வைப்பது பிழைத் திருத்தத்தில் அடங்காது. அதனால் பதிவாளர் மறுப்பது உண்டு. பழைய பிறப்புச் சான்றிதழோடு கெஜட்டைச் சேர்த்துக் காட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் வழி.

பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டும். எப்போது செய்வது நல்லது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராவதற்கு முன்பு. அந்த மதிப்பெண் பட்டியலில் அச்சாகும் பெயர்தான் பிள்ளையின் பெயராக ஆயுசுக்கும் நிற்கப் போகிறது. அதற்குமுன் கெஜட்டை வாங்கித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தால் பள்ளிப் பதிவேட்டிலிருந்தே சரியாகிவிடும். பட்டியல் வந்ததும் பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அன்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு 'என் மகன்', 'என் மகள்' என்று தொடங்கும். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் குழந்தையைக் காக்கும் பொறுப்பு யாரிடம் என்ற நீதிமன்ற ஆணை கையில் இருக்கட்டும். பிள்ளை விவரம் தெரிந்த வயது என்றால் அதனிடமும் கேளுங்கள். அந்தப் பெயரைச் சுமக்கப் போவது அதுதான்.

பத்தாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ்களில் பெயரை மாற்றித் தருவார்களா?

படித்து முடித்த பிறகு உங்கள் விருப்பத்தால் மாற்றிய பெயரில் சான்றிதழை மறுபடி அச்சிட்டுத் தருவது அபூர்வம். அச்சுப் பிழை என்றால் திருத்தம் கேட்கலாம். மற்றபடி பழைய பெயரிலுள்ள சான்றிதழ், அதன் பின்னால் கெஜட் நகல், இந்த இரண்டையும் சேர்த்தே எப்போதும் கொடுக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் சான்றிதழ் சரிபார்ப்பின்போதும் இது வழக்கமாக ஏற்கப்படும் முறைதான். ஆன்லைன் விண்ணப்பத்தில் 'சான்றிதழில் உள்ளபடி பெயர்' என்று கேட்டால் பழைய பெயரையே எழுதுங்கள். பெயர் மாறியிருக்கிறதா என்று தனியாகக் கேட்கும் இடத்தில் புதிய பெயரைச் சொல்லுங்கள்.

கெஜட் வந்துவிட்டது. எதை முதலில் மாற்றுவது?

ஆதார். மற்ற பல அலுவலகங்கள் பெயரை ஆதாரோடுதான் ஒப்பிடுகின்றன. கெஜட்டையும், பழைய பெயரில் புகைப்படத்துடன் உள்ள ஓர் அடையாள ஆவணத்தையும் கொண்டு போங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். மூன்றாவது முறை வேண்டுமானால் ஆதார் ஆணையத்தின் வட்டார அலுவலகத்தில் விதிவிலக்கு கேட்க வேண்டும், தமிழ்நாட்டுக்கான அந்த அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது. கல்யாணத்தின்போது ஒருமுறை, எழுத்துப் பிழைக்கு ஒருமுறை என்று ஏற்கெனவே தீர்ந்துபோய் இருக்கலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பான். எண் மாறாது, பெயர் மட்டும் மாறிப் புது அட்டை வரும். பெயர் மாறியதற்காகப் புதிய பான் எண் வாங்கவே கூடாது, ஒருவர் இரண்டு பான் வைத்திருப்பது குற்றம். ஆதாரும் பானும் ஒத்துவந்ததும் வங்கிக்குப் போங்கள். கையெழுத்தும் மாறுகிறது என்றால் மாதிரிக் கையெழுத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள். கையில் பழைய பெயரில் காசோலை ஏதாவது இருந்தால் கணக்கில் பெயரை மாற்றும் முன்பே போட்டுவிடுங்கள்.

அப்புறம் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, எரிவாயு இணைப்பு. இவற்றில் காப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பாலிசியில் மட்டும் இல்லை, நீங்கள் வாரிசுதாரராக இருக்கும் மற்றவர்களின் பாலிசியிலும் கணக்கிலும் உங்கள் பழைய பெயர்தான் இருக்கும். அம்மா அப்பாவின் வங்கிக் கணக்கில் வாரிசாக இருக்கும் பெயரைச் சரிசெய்ய நினைவுக்கு வராமலே போய்விடும். அவர்கள் காலத்துக்குப் பிறகு, துக்கத்தோடு துக்கமாக அந்த அலைச்சல் வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் எப்படி மாற்றுவது?

பாஸ்போர்ட்டில் பெயரை அடித்துத் திருத்த மாட்டார்கள். மறுவழங்கல் விண்ணப்பம் போட்டு, புதிய எண்ணோடு புதிய பாஸ்போர்ட் வாங்க வேண்டும். முழுப் பெயரும் மாறினால் கெஜட்டோ, உறுதிமொழிப் பத்திரத்துடன் பத்திரிகை விளம்பரங்களோ கேட்பார்கள். புதிய பெயரில் வேறு ஆவணங்களும் காட்ட வேண்டும். அதனால்தான் ஆதாரையும் பானையும் முதலில் முடிக்கச் சொல்கிறேன். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதைப் பற்றி அந்த நாட்டுத் தூதரகத்தில் முதலில் விசாரியுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு பெயரை மாற்றாதீர்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் கவனத்துக்கு: 2016 டிசம்பரில் வந்த விதிகளின்படி, விண்ணப்பத்தில் தாய், தந்தை, பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயரைக் கொடுத்தால் போதும்.

நான் அரசு ஊழியர். துறையிடம் சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. முதலில் துறைக்கு எழுதி, அங்கே சொல்லும் வழியில் போங்கள். கெஜட் வந்ததும் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி, பதிந்ததை நேரில் பாருங்கள். ஓய்வூதியக் கோப்பு போகும் நேரத்தில் பணிப்பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் பணம் நின்றுவிடும்.

பெயரை மாற்றினால் சாதிச் சான்றிதழ் என்னாகும்?

பெயர் மாற்றத்தால் மட்டும் உங்கள் சாதி நிலை மாறாது. சாதிப் பட்டத்தை நீக்கினாலும் இடஒதுக்கீடு போய்விடாது. பழைய பெயரில் உள்ள சான்றிதழோடு கெஜட்டைக் காட்டலாம், அல்லது இ-சேவை மூலம் புதிய பெயரில் விண்ணப்பிக்கலாம்.

மதம் மாறுவது வேறு விஷயம். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மதமாற்றத்தைக் காரணமாக எழுதிக் கெஜட் போடும் முன் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

திருநங்கை, திருநம்பிகளுக்குத் தனி வழி உண்டா?

உண்டு. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தருகிறார். விண்ணப்பத்தைத் தேசிய இணையதளத்தில் போடலாம். அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவருக்குப் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற எல்லா அதிகாரப்பூர்வ ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றும் உரிமையைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தருகிறது. மற்றவர்களுக்கு மறுக்கப்படும் பிறப்புச் சான்றிதழ் மாற்றம்கூட இவர்களுக்குச் சட்டப்படி உண்டு. ஏதாவது அலுவலகத்தில் தெரியாமல் மறுத்தால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடன் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. பெயரை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கடனும் வழக்கும் கூடவே வரும். பான் எண்ணும் ஆதார் எண்ணும் அதேதான். நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, நீதிமன்றத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் ஏமாற்றும் நோக்கம் என்று எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது போல ஆகும்.

வீடு, நிலம் எல்லாம் பழைய பெயரில் இருக்கிறது. பத்திரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. பத்திரம் எழுதிய நாளில் உங்கள் பெயர் அதுதான், அது அப்படியே செல்லும். விற்கும்போது புதிய பத்திரத்தில் 'பழைய பெயர் என்கிற புதிய பெயர்' என்று எழுதி, கெஜட் விவரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எழுதிய அன்றே பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் மட்டும் பிழைத்திருத்தல் பத்திரம் தேவைப்படும், அதற்கு எழுதிக் கொடுத்தவரும் வந்து கையெழுத்திட வேண்டும்.

புரோக்கரிடம் கொடுக்கலாமா?

நீங்களே செய்யக்கூடிய வேலைதான். படிவம் சிக்கலானது இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், படிவத்தை அனுப்பும் முன் நீங்கள் முழுதாகப் படித்துக் கையெழுத்திடுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மூலச் சான்றிதழ்களை விட்டுவிட்டு வராதீர்கள். வெளியான பிறகு துறையின் இணையதளத்தில் இதழைத் திறந்து உங்கள் அறிவிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

மாற்றிய பிறகு பிடிக்கவில்லை. பழைய பெயருக்கே திரும்பலாமா?

திரும்பலாம். விவாகரத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பும் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். மறுபடியும் அதே நடைமுறை: புதிய விண்ணப்பம், புதிய அறிவிப்பு. இந்தமுறை 'பழைய பெயர்' என்ற இடத்தில் இப்போது ஆதாரில் உள்ள பெயர் வரும். முதல் கெஜட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால்தான் பெயர் எப்படிப் போய் எப்படி வந்தது என்று காட்ட முடியும். ஆதாரின் இரண்டு முறை வரம்பு முடிந்துவிட்டதா என்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.